டெபாசிட் கட்ட லோனா? சரயேவோ கார் வாடகைக்கு ஒரு கணக்கு

கேள்வி: வணக்கங்க மேடம். ஈரோட்டுல ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். நான், மனைவி, 13 வயசு பையன், எங்கம்மா நாலு பேரும் ஏப்ரல் 20-க்கு மேல வியன்னா போயிட்டு அங்கிருந்து போஸ்னியாவுல சரயேவோ போய் 6 நாள் தங்கறதா பிளான். 6 நாளும் கார் எடுத்து நானே ஓட்டலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல பாத்தது ஒரு நாளைக்கு 24 யூரோ, டெபாசிட் 1,000 யூரோ, வண்டிக்கு அடிபட்டா நாம கையிலேர்ந்து கட்டற எக்ஸஸ் 1,200 யூரோ. ஒரு நாளைக்கு 15 யூரோ சேத்து ஃபுல் கவர் இன்சூரன்ஸ் எடுத்தா டெபாசிட் 200 யூரோ போதும்ங்கறாங்க. என் கிரெடிட் கார்டு லிமிட் 1 லட்சம், அதுல 60,000 ஏற்கனவே ஓடிட்டு இருக்கு. ஃபாரெக்ஸ் கார்டுல 1,500 யூரோ ஏத்தி வச்சிருக்கேன். டெபாசிட்டுக்காக 16 பர்சென்ட் வட்டியில 1.5 லட்சம் பர்சனல் லோன், ரெண்டு வருஷ இஎம்ஐ, ஆப்ல ரெடியா காட்டுது. எடுக்கலாமா? எஃப்டி உடைக்க மனசு வரலைங்க.

பதில்: எடுக்காதீங்க. முதல்ல இதச் சொல்லிட்டு அப்புறம் மத்ததுக்கு வரேன், ஏன்னா ஆப்ல ஒரு பட்டன அமுக்கினா ரெண்டு நிமிஷத்துல காசு வந்துரும், அப்புறம் ரெண்டு வருஷம் போகும் அத அடைக்க. 1.5 லட்சம், 16 பர்சென்ட், 24 மாசம்னா இஎம்ஐ கிட்டத்தட்ட 7,350 ரூபா, வட்டி மட்டும் 26,000 ரூபாக்கு மேல. நீங்க அக்கவுண்ட்ஸ் பாக்கறவர், உங்களுக்கே தெரியும், டெபாசிட்ங்கறது செலவு இல்ல, திரும்பி வரவேண்டிய காசு. திரும்பி வரப்போற காசுக்கு 26,000 வட்டியா? யூரோவ 105 ரூபான்னு வச்சு பாத்தா உங்க 6 நாள் கார் வாடகையே 15,120 ரூபாதான். வாடகைய விட வட்டி அதிகம்!

எஃப்டியும் உடைக்க வேண்டாம். உங்க கையில இருக்கறத வச்சே இத முடிக்கலாம், எப்படின்னு பாப்போம்.

முதல்ல, 6 நாளும் கார் எதுக்குங்க? சரயேவோ ஊருக்குள்ள கார் உங்களுக்கு பாரம்தான். பாஷ்சார்ஷியா பழைய கடைத்தெரு முழுக்க நடந்துதான் பாக்கணும், 1914 ஜூன் 28 அன்னிக்கு ஆஸ்திரிய இளவரசர சுட்ட இடமான லத்தீன் பாலம் அங்கிருந்து நடக்கற தூரம், ட்ரெபெவிச் மலைக்கு போக கேபிள் கார் இருக்கு, 1992-95 போஸ்னியப் போர்ல அழிஞ்சு போனத 2018-ல மறுபடி கட்டி ஓட விட்டிருக்காங்க, அம்மாவுக்கு கண்டிப்பா பிடிக்கும். டிராம்ல ஏறினா கடைசி ஸ்டாப் இலிஜா, அங்கிருந்து மரங்களுக்கு நடுவுல நேரா போற ரோட்டுல நடந்தோ குதிரை வண்டியிலயோ போனா போஸ்னா ஆறு ஊத்தெடுக்கற வ்ரேலோ போஸ்னே. அந்தப் போர்ல ஊர சுத்தி வளச்சு முற்றுகை போட்ட சமயத்துல, 1993-ல, விமான நிலையத்துக்கு அடியில தோண்டின சுரங்கப் பாதை இருக்கற மியூசியமும் அந்தப் பக்கம்தான், டாக்ஸியில போயிடலாம். ஊரோ ரெண்டு பக்கமும் மலை ஏறற ஊர், தெருவெல்லாம் செங்குத்து, பார்க்கிங்குக்கு தனி காசு, தப்பான இடத்துல நிறுத்தினா வண்டிய தூக்கிட்டு போயிடுவாங்க. இதுக்கு தினமும் 24 யூரோ குடுத்து வண்டிய ஹோட்டல் வாசல்ல நிறுத்தி வைக்கறது வீண்.

வெளிய போறதுக்கு மட்டும் 3 நாள் எடுங்க. ரெண்டு நாள் நெரெட்வா ஆத்தோரமா கொன்யிட்ஸ், ஜப்லனிட்சா வழியா மோஸ்டார், ஒரு ராத்திரி அங்க தங்கல். மோஸ்டார் சரயேவோலேர்ந்து சுமார் 130 கிலோமீட்டர். 1566-ல கட்டின கல் பாலம் 1993 நவம்பர் 9 அன்னிக்கு குண்டு போட்டு இடிஞ்சுது, 2004-ல அதே மாதிரி திரும்ப கட்டினாங்க, பையனுக்கு அந்தக் கதைய நின்னு சொல்லுங்க. பக்கத்துலயே பாறைக்கு அடியிலேர்ந்து ஆறு வர்ற பிளாகாய், தெக்கால பொச்சிடெல் கோட்டை, கிராவிட்சா அருவி. மூணாவது நாள் டிராவ்னிக், அப்படியே ஊருக்கு நடுவுல அருவி விழற யாய்ட்செ. எல்லாம் சேத்து 700 கிலோமீட்டர் வரும், 100-க்கு 7 லிட்டர்னு போட்டா 50 லிட்டர் பெட்ரோல். வண்டி எடுக்கும்போது டேங்க் ஃபுல்லா இருந்தா ஃபுல்லா நிரப்பி திருப்பிக் குடுக்கற கண்டிஷன மட்டும் ஒத்துக்கோங்க, முன்கூட்டியே பெட்ரோலுக்கு காசு வாங்கற பேக்கேஜ் வேண்டாம்.

மோஸ்டார் மட்டும் போதும்னு தோணினா ட்ரெய்னும் இருக்கு, சுமார் ரெண்டு மணி நேரம், அதே ஆத்துப் பள்ளத்தாக்கு வழி, ரொம்ப அழகு. 2024 அக்டோபர்ல ஜப்லனிட்சா பக்கம் வெள்ளமும் நிலச்சரிவும் வந்து ரோடு, ரயில் பாதை ரெண்டுமே அடிபட்டுச்சு, அதனால கிளம்பறதுக்கு முன்ன டைம்டேபிள பாத்துக்கோங்க.

இப்ப கணக்குக்கு வரேன். 6 நாள் ஃபுல் கவரோட எடுத்தா 234 யூரோ, 24,570 ரூபா. 3 நாள் மட்டும் எடுத்தா தினசரி ரேட் கொஞ்சம் ஏறும், 30 யூரோன்னே வச்சுக்கோங்க, கவரோட சேத்து 135 யூரோ, 14,175 ரூபா. கார்டுல டெபாசிட்டுக்கு 200 யூரோ பிளாக் ஆகும், அதாவது காச எடுக்காம லிமிட்ல அந்த அளவ நிறுத்தி வைப்பாங்க, அது 21,000. ரெண்டும் சேந்து 35,000 சொச்சம். உங்க கார்டுல மிச்சம் இருக்கறது 40,000. அதுக்குள்ள அடங்கிடுச்சு பாத்தீங்களா, லோனுக்கு வேலையே இல்ல. ஆனா இது இறுக்கமான கணக்கு, அதனால கிளம்பறதுக்கு முன்ன அந்த 60,000-ல முடிஞ்சத கட்டி லிமிட்ட கொஞ்சம் திறந்து வைங்க. அந்த 60,000 மாசா மாசம் மினிமம் கட்டி உருட்டிட்டு வர்றதா இருந்தா இந்த ட்ரிப்ப விட அதுதான் பெரிய தலைவலி, அத முதல்ல அடைங்க.

நிறைய பேர் ஃபுல் கவர் வேண்டாம், நான் பாத்து ஓட்டுவேன்னு சொல்வாங்க. நான் எல்லா இடத்துலயும் ஃபுல் கவர் எடுக்கச் சொல்ற ஆள் இல்ல. உங்க விஷயத்துல சொல்றேன், ஏன்னா அங்க வண்டி ரோட்டுக்கு வலது பக்கம் போகும், ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில, வாழ்க்கை முழுக்க இடது பக்கம் ஓட்டின உங்களுக்கு முதல் ரெண்டு நாள் பார்க்கிங்ல எங்கயாவது உரசற வாய்ப்பு ரொம்ப அதிகம். எக்ஸஸ்னா என்ன, வண்டிக்கு அடிபட்டா முதல் 1,200 யூரோ வரைக்கும் உங்க பாக்கெட்லேர்ந்து, அதுக்கு மேலதான் இன்சூரன்ஸ். அதாவது 1,26,000 ரூபா ரிஸ்க்க 45 யூரோ, 4,725 ரூபா குடுத்து இறக்கி வைக்கறீங்க. நான் ஒரு தடவ வெளிநாட்டுல வண்டி எடுத்தப்போ பம்பர்ல ஏற்கனவே இருந்த கோடு எங்க தலையில விழுந்துச்சு, எடுக்கும்போது போட்டோ எடுக்காததால பேச வழியில்லாம கட்டிட்டு வந்தேன், இன்னிக்கும் அந்த வருத்தம் போகல. அதனால நாலு பக்கம், சக்கரம், கண்ணாடி, மேல் கூரை, மீட்டர், பெட்ரோல் முள்ளு எல்லாத்தையும் வீடியோ எடுங்க, திருப்பிக் குடுக்கும்போதும் எடுங்க.

ஃபுல் கவர்ங்கற பேர்லயே ரெண்டு சரக்கு விக்கறாங்க. கார் கம்பெனியே குடுக்கறதுன்னா எக்ஸஸ் குறையும், டெபாசிட்டும் குறையும். புக்கிங் சைட்ல விக்கறது வேற, அடிபட்டா நீங்க கம்பெனிக்கு முழுசா கட்டிட்டு அப்புறம் பேப்பர் அனுப்பி திரும்ப வாங்கணும், கவுண்டர்ல 1,000 யூரோவும் அப்படியே பிளாக் ஆகும். விலை கம்மியா இருக்கும், ஆனா உங்க லிமிட்டுக்கு அது ஆகாது. கம்பெனி கவர்லயும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேருதான்னு கேளுங்க, பெரும்பாலும் அதெல்லாம் தனியா விட்டுருப்பாங்க. தார் ரோடு இல்லாத பாதையில போனா கவரே செல்லாதுன்னும் போட்டிருப்பாங்க. பியலாஷ்னிட்சா மலை மேல லூகொமிர்னு ஒரு கிராமம் இருக்கு, நெட்ல போட்டோ பாத்துட்டு எல்லாரும் போக ஆசப்படற இடம், ரோடு கல்லும் மண்ணும், ஏப்ரல்ல பனி கூட மிச்சம் இருக்கும். ஆசையா இருந்தா அந்த ஊர் கைடோட வண்டியில போங்க, வாடகை வண்டிய எடுத்துட்டு போகாதீங்க. இன்னொன்னு, போர்ல பொதச்ச கண்ணிவெடி அந்த நாட்டுல இன்னும் எல்லா இடத்துலயும் எடுத்து முடிக்கல, சிவப்பு போர்டுல மண்டை ஓடு போட்டிருந்தா அந்தப் பக்கமே திரும்பாதீங்க, போட்டோ எடுக்கணும்னு ரோட்ட விட்டு காட்டுக்குள்ளயோ இடிஞ்ச வீட்டுக்குள்ளயோ இறங்கக் கூடாது, பையனுக்கும் சொல்லி வைங்க.

சின்ன உரசலா இருந்தாலும் வண்டிய நகத்தாம 122-க்கு போன் பண்ணி போலீஸ் ரிப்போர்ட் வாங்கிடுங்க. அந்த பேப்பர் இல்லன்னா ஃபுல் கவர் இருந்தும் பிரயோஜனமில்ல. பகல்லயும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டணும், அது அங்க சட்டம்.

ஃபாரெக்ஸ் கார்ட டெபாசிட்டுக்கு நீட்டாதீங்க. பல கம்பெனிங்க ப்ரீபெய்டு கார்ட வாங்கவே மாட்டாங்க. வாங்கினாலும் கிரெடிட் கார்டுல பிளாக் ஆகறது வெறும் லிமிட், ஃபாரெக்ஸ் கார்டுல பிளாக் ஆகறது உங்க சாப்பாட்டு காசு, வண்டிய திருப்பிக் குடுத்தப்புறம் அது விடுபட ரெண்டு மூணு வாரம் கூட ஆகலாம். கிரெடிட் கார்டு வண்டி ஓட்டறவர் பேர்லயே இருக்கணும், மனைவி கார்ட குடுக்கணும்னா அக்ரிமெண்ட்ல மெயின் டிரைவரா அவங்க பேர்தான் வரணும். பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் டிரான்சாக்ஷன ஆன் பண்ணிட்டீங்களான்னு இப்பவே பாருங்க, பலருக்கு கவுண்டர்ல கார்டு டிக்ளைன் ஆகறது இதனாலதான்.

கிரெடிட் கார்டுல செலவு பண்ணா, வெளிநாட்டு காசுக்கு பேங்க் மேல போடற மார்க்கப் 3.5 பர்சென்ட் இருந்தா அதுக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டியும் சேந்து 4.13 ஆகும், 14,175-க்கு 585 ரூபா. மெஷின்ல "ரூபாயிலயா, அந்த ஊர் காசுலயா"ன்னு கேட்டா எப்பவும் அந்த ஊர் காசு, ரூபாய தொட்டா ரேட்ல இன்னும் கடிச்சுருவாங்க. அங்க காசு மார்க், கேஎம்னு எழுதுவாங்க, ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க்னு கட்டிப் போட்ட ரேட், அதனால விலைய பாதியாக்கினா யூரோ வந்துரும். மிச்சத்த அங்கயே செலவழிச்சிருங்க, நம்மூர்ல மாத்தறது கஷ்டம்.

குரோஷியாவுல இருக்கற டுப்ரோவ்னிக் பக்கம்தானே, ஒரு நாள் போயிட்டு வரலாமான்னு தோணும். பார்டர் தாண்ட கம்பெனியோட எழுத்துல அனுமதி, தனி ஃபீஸ் எல்லாம் வேணும், குரோஷியா 2023-லேர்ந்து ஷெங்கன்ல, அதாவது ஆஸ்திரியா மாதிரி ஒரே விசாவுல போற ஐரோப்பிய நாடுகள் கூட்டத்துல இருக்கறதால (போஸ்னியா அதுல இல்ல) விசா என்ட்ரி ஒண்ணும் போகும். இந்த ட்ரிப்புல விட்டுருங்க. விசா மல்டிபிள் என்ட்ரிதானான்னு எப்படியும் பாருங்க, சிங்கிளா இருந்தா சரயேவோலேர்ந்து வியன்னாவுக்கே திரும்ப நுழைய முடியாது.

ஆர்டிஓல இன்டர்நேஷனல் பெர்மிட் 1,000 ரூபா, ஒரு வருஷம் செல்லும், ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும். இன்னிக்கே கார் கம்பெனிக்கு மெயில் போடுங்க: ஃபுல் கவரோட பிளாக் ஆகறது 200 யூரோ மட்டும்தானா, டயர் கண்ணாடி அடிப்பாகம் சேருமா, டெபாசிட்ட பிளாக்தான் பண்ணுவீங்களா இல்ல காசா எடுத்துட்டு திருப்பி அனுப்புவீங்களா. காசா எடுப்போம்னு சொன்னா வேற கம்பெனி பாருங்க, போகும்போது ஒரு ரேட், வரும்போது ஒரு ரேட்னு ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான் நஷ்டம். பதில் எழுத்துல வந்தப்புறம் புக் பண்ணுங்க.