முழு மாரத்தான் பயிற்சியையும் தொண்டுக்கு நிதி திரட்டுவதையும் ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர் வேலைக்குப் போகிறவர். ஜனவரியில் முதல் முழு மாரத்தான் ஓடப்போகிறார், ஒரு தொண்டு அமைப்புக்கு ஒரு லட்சம் திரட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டார். இதே தலைவலியை நான் இரண்டு வருடம் பட்டவன். முதல் வருடம் சொதப்பல், இரண்டாம் வருடம் பரவாயில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரே நேரத்தில் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வசூலை முதலில் முடியுங்கள், அப்புறம் ஓடுங்கள்.

நான் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் சித்திக்கு மதுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குப் பைசா செலவில்லை. ஆனால் பாம்பனிலிருந்து மதுரை ஏறக்குறைய 160 கி.மீ. தினமும் போய்வர முடியாது. தங்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஆறு வாரக் கூலி போகும். அப்போது ஒரு சின்ன அறக்கட்டளை அறையும் சாப்பாடும் கொடுத்து உதவியது. அவர்களுக்காகத்தான் ஓடினேன். சரி, அது என் காரணம். உங்கள் காரணமும் இப்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லும்படி இருக்கட்டும். மூன்றாவது வாக்கியத்துக்குள் கேட்பவர் போனை எடுத்துவிடுவார்.

எங்கள் பக்கம் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம், இல்லாவிட்டால் பாய்மரப் படகுப் போட்டி. ஓட்டம் என்றதும் ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கேட்ட முதல் கேள்வி: "முதப் பரிசு எம்புட்டு?"

"பரிசெல்லாம் இல்லண்ணே. நான்தான் பணம் கட்டி ஓடுறேன்."

"காசு குடுத்து ஓடுறியா? கிறுக்கு புடிச்சிருக்கா?"

பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது, முடிவில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். ஓட்டம் அவ்வளவுக்குத்தான் உதவும். பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. நீங்கள் 42.195 கி.மீ. ஓடுவதற்காக யாரும் பணம் தரமாட்டார்கள். 'இவன் ஏன் இப்படிச் செய்கிறான்' என்று கேட்டு, பதிலில் மனம் இளகினால் தருவார்கள்.

முதல் வருடம் நான் செய்த தப்பு, காலத்தைப் பார்க்காதது. திட்டப்படி ஆகஸ்ட் நடுவில் பயிற்சி தொடங்கியது, அது சரி. வசூலை மட்டும் 'ஓட்டம் நெருங்கும்போது கேட்டால் சூடு இருக்கும்' என்று நவம்பர், டிசம்பருக்குத் தள்ளினேன். அது வாடைக்காற்று வீசும் காலம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகு எல்லாம் கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். ஒருவர் சொன்னார்: "கணக்கப்பிள்ளை, பத்து நாளா படகு கட்டிக் கெடக்கு. ஐஸ் பாக்கியே நிக்குது. அது ஒனக்குத் தெரியாதா?" தெரியும். அந்தப் பாக்கியை எழுதியவனே நான்தான். அன்று திரும்பி வந்து சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை.

அதே இரண்டு மாதம்தான் பயிற்சியின் கடுமையான காலமும். வாரம் 50 கி.மீ. தாண்டி, நீள ஓட்டம் 28, 30, 32 என்று ஏறும். உடம்பு தூக்கத்தில்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நானோ இரவு பதினொன்றரை வரை வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லிக்கொண்டும், துபாயில் இருக்கும் கூட்டாளிகளுக்கு ரசீது அனுப்பிக்கொண்டும் இருந்துவிட்டு, நாலு மணிக்கு எழுந்து ஓடினேன். டிசம்பரில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வலி.

இந்த வலியைப் பற்றி ஒரு வார்த்தை. காலின் உள்பக்கம் நீளமாகப் பரவி வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து, ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். எலும்பில் ஒரே புள்ளியில், விரல் வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலித்தால், அது எலும்பில் கீறல் விழுவதன் அறிகுறியாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நல்லவேளை, எனக்கு முதல் வகை. ஆனாலும் நிறுத்தவில்லை, ஏனென்றால் ஒரு நண்பன் 'கிலோமீட்டருக்கு நூறு ரூபாய், முடித்தால் தருகிறேன்' என்று சொல்லியிருந்தான். அதனால்தான் சொல்கிறேன், ஓடி முடித்தால்தான் பணம் என்கிற ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. காயம்பட்ட காலையும் ஓட வைக்கிற ஒப்பந்தம் அது. கிடைத்தது ஒரு லட்சத்தில் 41,300. ஓட்டத்தில் 33வது கி.மீ.யிலிருந்து நடைதான்.

அடுத்த வருடம் தலைகீழாக மாற்றினேன். விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தடை முடிந்து படகு இறங்கினால் முதல் சில வாரம் மீன்பாடு நன்றாக இருக்கும், கையில் காசு புரளும். ஜூன் கடைசியில் நோட்டைத் திறந்தேன். படகு கரை வந்து மீன் போட்டு, பங்கு பிரிக்கிற நாளில் மட்டும் கேட்டேன். கடலுக்குக் கிளம்புகிற நாளில் கேட்டதே இல்லை. வளைகுடாவில் இருப்பவர்களிடம் மாதத்தின் முதல் வாரம். செப்டம்பர் முடிவில் நோட்டை மூடிவிட்டேன். இலக்கு 75,000. வந்தது 92,400. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஓட்டமும் வசூலும் கொஞ்சம் சேர்ந்து வந்தன, ஆனால் அப்போது நீள ஓட்டம் 18 கி.மீ.யைத் தாண்டவில்லை. அதைத் தாங்கலாம்.

உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அறுவடை, போனஸ், பள்ளிக் கட்டணம் என்று எல்லா ஊருக்கும் பணம் வரும் மாதமும் போகும் மாதமும் உண்டு. பயிற்சி அட்டவணையைப் போடுவதற்கு முன்னால் அதைத் தாளில் எழுதுங்கள்.

இனி கேட்கும் விதம். நான் இணைய நிதிப் பக்கம் ஒன்றும் திறக்கவில்லை, மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். பெயர், ஊர், தொகை. நம் ஆட்களுக்கு நன்கொடைப் படிவத்தை நீட்டினால் பயம், மொய் நோட்டில் பெயர் ஏறினால் மரியாதை. பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா ஐம்பது ரூபாய் கொடுத்தார். இவரிடம் போய் வாங்குவதா என்று தயங்கி, நோட்டில் ஏற்றாமல் பையில் வைத்தேன். விடவில்லை. "பேர எழுது தம்பி. சும்மாவா குடுத்தேன்?" எழுதிய பிறகு எழுத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

மொய்க்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதை யாரும் சொல்லமாட்டார்கள். மொய் திரும்பிப் போக வேண்டும். அறக்கட்டளைக்காகத்தான் வாங்கினீர்கள், அதுவும் ரசீதோடு. இருந்தாலும் உங்கள் முகத்துக்காகக் கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் உங்கள் கையும் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத கணக்கு. போன வருடம் எனக்கு அந்த வகையில் மட்டும் ஒன்பது கல்யாணம். ஆகையால் நாலு பேரிடம் பத்தாயிரம் வாங்குவதைவிட நூறு பேரிடம் நூறு, இருநூறு வாங்குங்கள். பாரம் லேசாக இருக்கும். 1980ல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். அவர் கேட்டதும் நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர்தான்.

பணம் உங்கள் கணக்குக்குள் வரவே கூடாது. அறக்கட்டளையின் கியூஆர் அட்டையை அச்சடித்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். ரொக்கமாக வந்ததை அன்றன்றே கட்டினேன். நன்கொடைக்கு வரிவிலக்கு வேண்டும் என்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்த விலக்கே இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் மார்ச்சில் வசவு வாங்காமல் தப்பிக்கலாம். வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் வரும். அதை வாங்க அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். எங்கள் அறக்கட்டளைக்கு அது இல்லை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்தினோம், இன்னும் கொஞ்சம் கோபம்தான். பதிவுக் கட்டணம், ஷூ, சென்னைக்கு ரயில் எல்லாம் என் சொந்தச் செலவு என்று நோட்டிலேயே எழுதி வைத்தேன். யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் நினைப்பார்கள்.

அக்டோபரிலிருந்து ஓட்டம் மட்டும். வாரம் நாலு நாள். எல்லாத் திட்டத்திலும் நீள ஓட்டம் ஞாயிறு என்று போட்டிருப்பார்கள். எனக்கு ஆகாது. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரை வரும், கணக்கு எழுத நான் இருக்க வேண்டும். என் நீள ஓட்டம் வெள்ளி. உங்கள் வேலைக்கு எந்த நாள் ஒத்துவருமோ அதை வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணை கோபித்துக்கொள்ளாது. மூன்று வாரம் தூரத்தை ஏற்றி நாலாவது வாரம் இறக்கினேன். பணம் கொடுத்தவர்களுக்குத் தகவல் சொல்வது, பாக்கி ரசீது கொடுப்பது எல்லாம் அந்த இறக்கும் வாரத்தில் மட்டும். மற்ற மூன்று வாரம் இரவு ஒன்பதுக்குப் போன் அடுத்த அறையில்.

இந்த மாவட்டத்தில் மேடு என்று சொன்னால் பாம்பன் சாலைப் பாலம்தான், இரண்டேகால் கி.மீ.க்குக் கொஞ்சம் கூட. விடியும் முன்னால் நாலு தடவை போய்வந்தால் மலை ஏறிய பலன். வெளிச்சம் வந்தால் சுற்றுலா வண்டிகள் நடுவில் நிறுத்திப் படம் எடுக்கும், ஓட முடியாது. நீள ஓட்டத்துக்குத் தனுஷ்கோடி பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான சாலை. ஒரு பக்கம் ஒன்பதரை கி.மீ., இடது கைப்பக்கம் அலை அடங்கிய பெண்கடல், வலது கைப்பக்கம் அலை அடிக்கிற ஆண்கடல், நடுவில் நிழல் என்று ஒன்றும் கிடையாது. காற்று பக்கவாட்டில் தள்ளும், மணல் காலில் ஊசியாகக் குத்தும். 2017ல்தான் அந்தச் சாலை போக்குவரத்துக்குத் திறந்தது. அதற்கு முன்னால் 1964 புயல் விட்டுவைத்த மணலில்தான் போக வேண்டும்.

கடற்கரையில் ஓடுபவர் வேகக் கணக்கை மறந்துவிடலாம். வெயில் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு ஆறாது. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். 30 கி.மீ. வாக்கில் உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீரும். அதற்காகக் காத்திருக்காமல் முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் உள்ளே போக வேண்டும். எனக்குப் பேரீச்சை ஒத்துக்கொள்கிறது. வளைகுடாவில் இருந்து வருபவர்கள் நன்கொடையோடு இதையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாம் வருடம் 4 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். எங்கேயும் நடக்கவில்லை. அதைவிட, கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து ஓய்வெடுக்கிற காலத்தில் யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லாமல் தூங்கினேன்.

இந்த வருட நோட்டும் மூடியாகிவிட்டது. பாசி அக்கா இந்த முறை நூறு. பேத்திக்குக் காதுகுத்து, டிசம்பரில் சனிக்கிழமை, கட்டாயம் வரணும் என்று பத்திரிகையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு முந்தின நாள்தான் என் 32 கி.மீ. ஓட்டம். மாற்றவில்லை. பந்தியில் மூன்று தடவை சோறு வாங்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.