மிக்சர் பாக்கெட்டில் பருத்திக்கொட்டை எண்ணெய்: வாசகர் கேள்வி-பதில்

மரபணு மாற்ற உணவைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கிய கத்தரிக்காயில் ஒரு சொத்தைகூட இல்லை. பி.டி. கத்தரியாக இருக்குமோ? (வாசகி, ஒத்தக்கடை)

பதில்: பி.டி. கத்தரி என்பது, புழுவை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்திய ரகம். நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடையாது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதித்தது. 2010 பிப்ரவரி 9-ல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். சொத்தை இல்லையென்றால் பூச்சிமருந்து பலமாக அடித்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

கேள்வி: விதையில்லாத் திராட்சையும் ஹைப்ரிட் தக்காளியும் மரபணு மாற்றியவைதானே? (வாசகர், பழங்காநத்தம்)

பதில்: இல்லை. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) என்பது இரண்டு ரகங்களைக் கலந்து எடுப்பது. மரபணு மாற்றம் என்பது ஆய்வகத்தில் பயிரின் மரபணுவிலேயே கைவைப்பது. அது வேறு, இது வேறு.

கேள்வி: 'மரபணு மாற்றம் செய்யாதது' என்று அச்சடித்த இந்துப்பு இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா? (வாசகி, திருநகர்)

பதில்: வேண்டாம். உப்பில் மரபணுவே கிடையாது. இதே வார்த்தையை நம்பி, தமுக்கம் மைதானக் கண்காட்சி ஒன்றில் ஐந்து லிட்டர் கடலெண்ணெய்க்கு 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவன் நான். மரபணு மாற்றிய நிலக்கடலை உலகச் சந்தையிலேயே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காசு இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: நாம் மரபணு மாற்ற உணவே சாப்பிடுவதில்லை என்கிறான் மகன். எல்லாமே அதுதான் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். யார் சொல்வது சரி? (வாசகி, செல்லூர்)

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. இங்கே பயிரிட அனுமதி பெற்ற ஒரே மரபணு மாற்றப் பயிர் பருத்தி, 2002 முதல். பஞ்சு நூலாகும், சரி. கொட்டை எங்கே போகிறது? செக்குக்கும் ஆலைக்கும். போன வாரம் சிம்மக்கல்லில் வாங்கிய மிக்சர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். கடலை மாவுக்கு அடுத்து, எறும்பு எழுத்தில் 'தாவர எண்ணெய் (பருத்திக்கொட்டை, பாமாயில்)'. அடுத்து, கடையில் விற்கும் சோயா எண்ணெய். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது.

சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவது மிகச் சொற்பம். அதனால் பயந்து மிக்சரைக் கொட்ட வேண்டாம். என் கோபம் வேறு. காசு கொடுப்பவரிடம் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? மரபணு மாற்றிய உணவென்றால் பாக்கெட்டின் முகப்பில் 'ஜிஎம்' என்று போட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த இரண்டு எழுத்தை இத்தனை வருடத்தில் ஒரு எண்ணெய்ப் பாக்கெட்டிலும் நான் பார்த்ததில்லை. 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வரைவு வெளியிட்டது. ஐரோப்பாவில் இந்த வரம்பு 0.9 சதவீதம். இறக்குமதியாகும் மரபணு மாற்ற எண்ணெய்க்கு லேபிள் சட்டத்தைப் பின்பற்றுங்கள் என்று, மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

கேள்வி: வேனில் வந்தவரிடம் 'நாட்டு விதை எண்ணெய்' 10 லிட்டர் வாங்கினேன். சிக்கு வாடை அடிக்கிறது. பில் இல்லை, லேபிளும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், விளாங்குடி)

பதில்: கிடைக்காது. பில் கேளுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி என்று வெள்ளைப் பாக்கெட்டில் விதை விற்றார் ஒருவர். மருந்து அடித்ததும் பாதிச் செடி கருகிவிட்டது. நகையை அடகு வைத்துப் போட்ட வெள்ளாமை. (விவசாயி, கள்ளிக்குடி)

பதில்: படித்ததும் மனசு கேட்கவில்லை ஐயா. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்திக்கு இந்தியாவில் அனுமதியே இல்லை. அதை விற்றதே குற்றம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வேளாண்மைத் துறை விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வயலை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய செடியைத் தேதியோடு படம் எடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். அந்தக் காலிப் பாக்கெட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனு எழுதச் சிரமமாக இருந்தால் விவரங்களை அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.