ஃபில்டருக்குள் எத்தனை குதிரை ஒளிந்திருக்கிறது?

காரில் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியை, அதாவது இன்டேக்கை, மாற்றலாமா என்று கேட்டு, பெங்களூரின் கார் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்தவர்கள்தான் இந்தத் தடவை அதிகம் எழுதியிருக்கிறார்கள். கை துறுதுறுப்பது புரிகிறது. எனக்கும் இருபத்தைந்து வயதில் அப்படித்தான் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே ஒரு பதிலில் சொல்லியிருக்கிறேன்.

அல்சூர் வாசகர்: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லை. கோன் ஃபில்டர் கிட் (கம்பெனி ஃபில்டர் டப்பாவுக்குப் பதில் மாட்டும் கூம்பு வடிவக் காற்று ஃபில்டர்) போட்டால் 10 எச்.பி. (குதிரைத்திறன்) ஏறும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம். நீங்களே அளந்துவிடலாம். யாரிடமாவது ஓ.பி.டி. ஸ்கேனர் (காரில் சொருகினால் சென்சார்கள் சொல்லும் எண்களைக் காட்டும் கருவி) ஒன்று இரவல் வாங்குங்கள். சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்ம பெங்களூரில் 91 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். வெளிக்காற்றின் அழுத்தம் அதுதான். அடுத்து, ஞாயிறு விடியற்காலை காலியான ரோட்டில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து ஐந்தாயிரம் ஆர்.பி.எம். வரை போங்கள். எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

88 என்று வந்தால் வித்தியாசம் மூன்று. ஃபில்டர், அது உட்கார்ந்திருக்கும் டப்பா, குழாய், த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) எல்லாம் சேர்ந்து தடுப்பதே அவ்வளவுதான். மந்திரம் போட்டு இவை அத்தனையையும் மறைய வைத்தாலும் கிடைப்பது நூற்றுக்கு மூன்று பங்கு. 80 எச்.பி. இன்ஜினில் இரண்டரை எச்.பி.யைத் தொடாது. அதிலும் ஃபில்டரின் பங்கு ஒரு துண்டுதான். பத்து எங்கிருந்து வரும்?

வித்தியாசம் ஏழு, எட்டு என்று வந்தால் மட்டும் எனக்குச் சந்தேகம் வரும். ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது டப்பாவுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கும். சிரிக்காதீர்கள். தேங்காய் நார், கிழிந்த பாய்த் துண்டு எல்லாம் எடுத்திருக்கிறேன்.

கோன் ஃபில்டரில் இன்னொரு வம்பு உண்டு. கம்பெனி டப்பா பெரும்பாலும் முன்பக்கக் கிரில் பக்கமிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். மூடியில்லாத கோன், பானெட்டுக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும் காற்றை எடுக்கும். காற்று மூன்று டிகிரி சூடேறினால் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும். ஏப்ரல் மதியம் சில்க் போர்டு சிக்னலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது, அந்த மூன்று சதவீதத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு பறிபோயிருக்கும். கிடைப்பது உறுமல் சத்தம் மட்டும். அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஒயிட்ஃபீல்ட் வாசகர்: சென்னைக்குப் போனால் கார் நன்றாக இழுக்கிறது. பெங்களூர் திரும்பியதும் சோர்ந்துவிடுகிறது. இன்டேக்கில் கோளாறா?

உங்கள் காரில் ஒன்றும் இல்லை, ஊர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறோம். சென்னையில் 101 காட்டும் மேப் சென்சார் இங்கே 91. டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சுமார் பத்து சதவீதம் போச்சு. சென்னை வெயில் அதில் இரண்டு மூன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் உங்கள் காலுக்குத் தெரிகிறது. டர்போ கார்களில் இது அவ்வளவாகத் தெரியாது, டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று பெருமளவு ஈடுகட்டிவிடும்.

கல்லூரி மாணவர், எலக்ட்ரானிக் சிட்டி: அண்ணா, ஆன்லைனில் எலக்ட்ரிக் டர்போ ஃபேன் 2,000 ரூபாய்க்குக் கிடைக்குது. குழாயில் சொருகினால் போதுமாமே?

கணக்குப் போடுவோம், தம்பி. 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 1.2 லிட்டர் காற்றை இழுக்கும். 6,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 3,600 லிட்டர். கழிவு போக 3,000 என்று வைத்தாலும் நொடிக்கு 50 லிட்டர், அதாவது இரண்டரைத் தண்ணீர் கேன். அந்தக் குட்டி ஃபேனால் அவ்வளவைத் தள்ள முடியாது, அதுவே வழியில் ஒரு தடையாக உட்கார்ந்திருக்கும். இறக்கை உடைந்தால் துண்டு உள்ளே போகும். அந்தக் காசுக்கு ஸ்பார்க் பிளக் மாற்று.

கே.ஆர்.புரம், கேப் ஓட்டுநர்: புது ஏர் ஃபில்டர் போட்டால் மைலேஜ் கூடுமா?

கார்புரேட்டர் (பழைய கார்களில் பெட்ரோலைக் காற்றோடு கலந்த கருவி) காலத்துப் பேச்சு அது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. காற்று குறைந்தால் இ.சி.யு. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. ஆனாலும் நேரத்துக்கு மாற்றுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. மைலேஜுக்கு முதலில் டயர் காற்றைப் பாருங்கள்.

ஃப்ரேசர் டவுன் வாசகி: கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் வாங்கினேன். ஒரே வாரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது.

வாங்க, நம்ம கட்சி. என் முதல் டீசல் காரில் அதே மாதிரி ஃபில்டரைக் கழுவினேன். எண்ணெய் நிறைய விட்டால் தூசி நிறைய பிடிக்கும் என்று நானாக முடிவு செய்து பாட்டிலில் பாதியைக் கொட்டினேன். மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பினோம். அத்திப்பள்ளி டோல் தாண்டியதும் மஞ்சள் விளக்கு. மேட்டில் வண்டி ஏற மறுத்தது. கிருஷ்ணகிரி வரை ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னாலேயே போனோம். மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நடந்தது இதுதான்: ஃபில்டரைத் தாண்டியதும் உள்ளே போகும் காற்றின் அளவைச் சொல்லும் மாஃப் சென்சாரில் முடி போல மெல்லிய சூடான கம்பி இருக்கிறது. கூடுதல் எண்ணெய் பறந்து போய் அதில் படிந்தால் காற்றைத் தப்பாக அளக்கும். சென்சாரைக் கழற்றி, மாஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும் அடியுங்கள். துணி, விரல், கார்புரேட்டர் கிளீனர் எதுவும் கூடாது. காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபில்டரில் எண்ணெயின் நிறம் சீராகத் தெரிந்தால் போதும், சொட்டக் கூடாது. ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி கோலமாவு போல ஒட்டினால் பேசாமல் பேப்பர் ஃபில்டருக்கே திரும்பிவிடுங்கள்.

கோரமங்கலா வாசகர்: 1.0 டர்போ பெட்ரோல். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்யப் போகிறேன். கூடவே இன்டேக்கும் மாற்றவா?

இந்தப் பக்கத்தில் "மாற்றலாம்" என்று நான் சொல்லும் ஒரே ஆள் நீங்கள்தான். அதுவும் ரீமேப் செய்த பிறகு. கம்பெனி டியூனில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், எவ்வளவு என்பதை இ.சி.யு. தீர்மானிக்கிறது, ஃபில்டரை மாற்றினால் அது இன்னும் தாராளமாகக் கொடுத்துவிடாது. பூஸ்டை ஏற்றிய பிறகு டர்போவின் வாய்ப்பக்கம் தடை குறைந்தால் அதன் வேலை சுலபமாகும். அப்போதும் மூடிய டப்பா உள்ளதையே எடுங்கள். வாரண்டி போகும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

ஸ்ரீராமபுரம் வாசகர்: பழைய 1.3 டீசல். இழுவை இல்லை, கருப்புப் புகை, விசில் சத்தம். பெரிய இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) போடச் சொல்கிறார்கள்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். கிளாம்ப் பக்கத்தில் வெடிப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். ஹோஸை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. தீராவிட்டால் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வையும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டையும் கழற்றிக் கரியைச் சுரண்டச் சொல்லுங்கள்.

பெல்லந்தூர் வாசகர்: குளிர்ந்த காற்றை எடுக்கும் கோல்ட் ஏர் இன்டேக் குழாயை பம்பருக்குள் இறக்கி மாட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் பிரச்சினை வருமா?

2022 செப்டம்பரில் உங்கள் அவுட்டர் ரிங் ரோட்டில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்று நினைத்துப் பாருங்கள். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு கோப்பை இன்ஜினுக்குள் போனாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாலிசியோடு தனியாக இன்ஜின் புரொடெக்ட் கவர் எடுக்காவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் கையை விரித்துவிடும். ஜூனுக்குள் பழைய குழாயை மாட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக்கொண்டு வாருங்கள்.