வினைச்சொல்லை அதன் துணையோடு படியுங்கள்

அன்புள்ள ஐயா,

ஓரளவு ஆங்கிலம் எழுதுவேன். ஆனால் ஒரு வினைக்குப் பின் இன்னொரு வினை வந்தால் கை நின்றுவிடுகிறது. 'டு கோ' என்பதா, 'கோயிங்' என்பதா, 'தட்' போட்டுத் தனித் தொடராக எழுதுவதா? பட்டியல்களை மனப்பாடம் செய்தேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இதற்கென்று ஒரே விதி கிடையாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே விதி கிடையாது. இருப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இனி நடக்கப்போவதற்கு 'டு', நடந்ததற்கு 'இங்' என்று கற்றுக்கொடுப்பார்கள். அது பாதிக் கிணறு தாண்டிய கதை. 'சஜஸ்ட்', 'கன்சிடர்' இரண்டும் இனி நடக்கக்கூடியதையே பேசுகின்றன. ஆனாலும் 'டு' அவற்றோடு ஒட்டாது. 'ஐ சஜஸ்ட் டு கோ' பிழை. 'ஐ சஜஸ்ட் கோயிங்' அல்லது 'ஐ சஜஸ்ட் தட் வீ கோ' என்றுதான் எழுத வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் தேர்வு நம் கையில் இல்லை, முன்னால் நிற்கும் வினையின் கையில் இருக்கிறது. 'டிசைட்', 'ரெஃப்யூஸ்' ஆகியவை 'டு' கேட்கும். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' ஆகியவை 'இங்' கேட்கும். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உண்மையில் நாம் தேர்ந்தெடுக்கும் இடங்கள் சிலவே. உங்கள் உழைப்பெல்லாம் அங்கே போகட்டும். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் கதவு இன்னும் பூட்டப்படவில்லை, மறக்காமல் பூட்டு என்கிறோம். 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியாகிவிட்டது, பூட்டியது நினைவில் இருக்கிறது. 'ஹி ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றான். 'ஹி ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்திவிட்டான். இங்கே தவறினால் இலக்கணம் பிழைபடாது, பொருள் தலைகீழாகிவிடும். படிப்பவருக்கு அது பிழை என்றே தெரியாது. அதனால்தான் இவற்றை மற்றவற்றைவிட ஆபத்தானவை என்கிறேன்.

தனித் தொடர் பெரும்பாலும் ஆள் மாறும்போது தேவைப்படுகிறது. நானே வெல்ல வேண்டும் என்றால் 'ஐ ஹோப் டு வின்'. அவள் வெல்ல வேண்டும் என்றால் 'ஐ ஹோப் தட் ஷி வின்ஸ்'. 'ஐ ஹோப் ஹர் டு வின்' செல்லாது. ஆனால் 'வான்ட்' இதற்கு நேர் எதிர். 'ஐ வான்ட் ஹர் டு வின்' சரி, 'ஐ வான்ட் தட் ஷி வின்ஸ்' தவறு. ஆசையைச் சொல்லும் இரண்டு வினைகளே இப்படி எதிரெதிராக நடக்கும்போது பொதுவிதி எங்கிருந்து வரும்?

கடித முடிவில் வரும் 'லுக் ஃபார்வர்ட் டு' பலரை ஏமாற்றுகிறது. அங்குள்ள 'டு', 'இன்', 'அட்' போன்ற முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது 'இங்' வடிவில்தான் வரும். எனவே 'டு மீட் யூ' அல்ல, 'டு மீட்டிங் யூ'.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ்.ஹார்ன்பி, 1942-இல் அங்கே வெளியான தம் அகராதியில் ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பை ஏற்கும் என்று குறித்துக் காட்டினார். இன்றைய கற்போர் அகராதிகளும் அந்த வழியில் எடுத்துக்காட்டோடு தருகின்றன. பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடாதீர்கள். 'அவாய்ட்' என்று தனியாக எழுதிவைக்காமல், 'ஐ அவாய்ட் டிரைவிங் அட் நைட்' என்று உங்களுக்கு உண்மையான ஒரு வாக்கியமாக எழுதிவையுங்கள். பட்டியல் கைவிடும் இடத்தில் அது கைகொடுக்கும்.

நீங்கள் அண்மையில் எழுதிய மின்னஞ்சல்களை எடுத்து, இரண்டு வினைகள் அடுத்தடுத்து வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். பெரும்பாலும் ஒரு சில வினைகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். முதலில் அவற்றைச் சரிபாருங்கள்.