இயற்பியல் மாணவிக்கு வரலாறு எதற்கு?

கேள்வி: இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். பல நூறு பாடங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, அறிவியலுக்கு வெளியிலும் சில பாடங்களைப் படித்தாக வேண்டும் என்கிறார்கள். இந்தக் கட்டாயம் எதற்கு? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு மாணவி

பதில்: இந்தக் கட்டாயம் ஒரு நீண்ட அனுபவத்திலிருந்து பிறந்தது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்னும் 7 கலைகளே அடிப்படைக் கல்வியாக இருந்தன. 1869-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து, மாணவரே தேர்ந்தெடுக்கும் விருப்பப்பாட முறையை வளர்த்தார். நல்ல எண்ணத்தில் தந்த அந்தச் சுதந்திரத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொடக்கநிலைப் பாடங்களையே சேர்த்துப் பட்டம் பெற்றுவிடலாம் என்ற நிலை உருவானது. அவருக்குப் பின் 1909-இல் பொறுப்பேற்ற லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் வேண்டும் என்று வகுத்தார். உங்கள் பல்கலைக்கழகம் கேட்பதும் அதைத்தான்.

தேர்ந்தெடுக்கும்போது தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். புள்ளியியல் என்ற ஒரே பெயரில் கணிதத் துறை தேற்றங்களை நிறுவிக் காட்டும். உளவியல் துறையோ சோதனைத் தரவுகளை அலசக் கற்றுத்தரும். எனவே பாட விவரத்தையும், அதற்கு முன் எவற்றை முடித்திருக்க வேண்டும் என்ற குறிப்பையும் படியுங்கள். கிரெடிட் எண்ணிக்கையும் முக்கியம்: ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அங்கே 6 கிரெடிட் பாடம் குறைந்தது 150 மணி நேரத்தைக் கேட்கும்.

எளிதில் மதிப்பெண் கிடைக்கும் என்று பிறர் சொல்லும் பாடத்தைத் தேடிப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். உண்மையை வேறு வழியில் நிறுவும் துறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் ஐயம் வந்தால் சோதனையைத் திரும்பச் செய்யலாம். வரலாற்றில் அது முடியாது, முரண்படும் ஆவணங்களை எடைபோட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அந்தப் பயிற்சியை உங்கள் ஆய்வுக்கூடம் தராது. மொழியியலும் உங்களுக்குப் பிடிக்கலாம்: உயிரெழுத்துகளை ஒலியலைகளின் அதிர்வெண் கொண்டு பிரித்தறியும் ஒலியியல் பகுதியில், அலைகளைப் பற்றி நீங்கள் கற்றது நேரடியாகப் பயன்படும்.

சில பாடங்கள் எல்லாப் பருவத்திலும் நடத்தப்படுவதில்லை. அதனால், மூன்றாம் ஆண்டில் படிக்க விரும்பும் பாடத்தை இப்போதே குறித்துவைத்து, அதற்கு முன்தேவையான தொடக்கநிலைப் பாடத்தை முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள்.