முதன்மை ஃபைல் சர்வர் மீண்டும் வந்தும் கணினிகள் மாற்று சர்வரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்?

விண்டோஸ் டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸில் (பல சர்வர்களில் உள்ள பகிர்வு ஃபோல்டர்களை ஒரே முகவரியில் காட்டும் வசதி) இது வழக்கமான நடத்தைதான், பழுது அல்ல. சர்வர்களின் வரிசைப் பட்டியலை (ரெஃபரல்) கணினி வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலின் இயல்பான ஆயுள் ஃபோல்டருக்கு 1800 விநாடி, நேம்ஸ்பேஸின் உச்சியான ரூட்டுக்கு 300. முதல் சர்வர் விழுந்தால் அடுத்ததற்குத் தாவும். திரும்பி வரச் சொல்லித் தனியாக ஒரு அமைப்பு உண்டு, அது இல்லாவிட்டால் தாவிய இடத்திலேயே தங்கிவிடும்.

டிஎஃப்எஸ் மேனேஜ்மென்ட்டில் நேம்ஸ்பேஸின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ரெஃபரல்ஸ் தாவலில் 'கிளையன்ட்ஸ் ஃபெயில் பேக் டு ப்ரிஃபர்டு டார்கெட்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படும்வரை பழைய இணைப்பிலேயே இருக்கும். ஒரே ஒரு கணினியை உடனே திருப்ப வேண்டுமா? அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் டிஎஃப்எஸ் தாவலுக்குப் போனால் எந்த சர்வர் 'ஆக்டிவ்' என்று தெரியும். வேண்டியதைத் தேர்ந்து 'செட் ஆக்டிவ்' அழுத்துங்கள்.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு. மாற்று சர்வரில் எழுதியவை முதன்மைக்கு நகலாகி முடியும் முன் கணினிகள் திரும்பினால், பயனர் பழைய பிரதியைத் திறந்து சேமிப்பார். கோப்புகளை நகலெடுக்கும் டிஎஃப்எஸ்-ஆர், சர்வர்களுக்கிடையே கோப்புப் பூட்டு போடாது. கடைசியாகச் சேமித்ததே ஜெயிக்கும், மற்றது 'கான்ஃப்ளிக்ட்அண்ட்டிலீட்டட்' ஃபோல்டருக்குப் போய்விடும். ஆகவே முதலில் பேக்லாக் (இன்னும் நகலாகாமல் காத்திருப்பவை) சுழியமா என்று பாருங்கள். அதுவரை முதன்மை டார்கெட்டை (முதன்மை சர்வரில் உள்ள பகிர்வு ஃபோல்டரை) டிஎஃப்எஸ்ஸில் முடக்கியே வைத்திருப்பது நல்லது.