டெக்சாஸ் சாலையோர வரலாற்றுப் பலகைகளை யார் வைக்கிறார்கள், எதற்காக?

டெக்சாஸில் கிராமப்புறமாகக் கார் ஓட்டினால், ஆளில்லாத திருப்பத்தில்கூட ஒரு வார்ப்பு அலுமினியப் பலகை நிற்கும். 'இங்கே இது நடந்தது' என்று பொதுவாக ஒரு பத்தியில் சொல்லும் வரலாற்றுப் பலகை அது.

ஏன் இத்தனை? முதலில் குடியேறியவர்கள் விட்டுப்போனதில் பெரும்பகுதி மண்ணும் மரமும்தான், அதனால் சீக்கிரம் அழிந்துவிடும். 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்ததன் நூற்றாண்டுக்கு, 1936இல் அரசே கிரானைட் கற்களை நட்டது. இப்போது உள்ளூர்க்காரர்கள் ஆதாரம் திரட்டி, கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) வரலாற்றுக் குழு வழியாக விண்ணப்பிக்கிறார்கள். மாநில ஆணையம் சரிபார்க்கிறது. செலவு பெரும்பாலும் விண்ணப்பித்தவர் தலையில்.

கில்லெஸ்பி கவுண்டியைப் பாருங்கள். 1846இல் ஜெர்மானியர்கள் ஃபிரெடெரிக்ஸ்பர்க் ஊரை அமைத்தார்கள். பண்ணைகள் தொலைவில் இருந்ததால், சனிக்கிழமை சாமான் வாங்கி ஞாயிறு தேவாலயம் போய்த் திரும்ப, ஊருக்குள் குட்டி வீடுகள் கட்டிக்கொண்டார்கள். பெயரே 'ஞாயிறு வீடு'! அப்புறம், அந்த நிலத்தில் ஏற்கெனவே கொமாஞ்சி என்ற பூர்வகுடி மக்கள் நடமாடினார்கள். 1847இல் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே குடியேற்றம் ஓரளவு நிம்மதியாக நடந்தது.

பழைய குடும்பப் படத்தின் பின்னால் தாத்தா எழுதிவைத்த இரண்டு வரி மாதிரிதான் இந்தப் பலகை. படத்தில் யார் யார் என்று தெரியும். ஆனால் எழுதியவர் யாரைச் சொன்னாரோ அவர்கள் மட்டும். பழைய பலகைகளில் 'முதல் குடியேறி' என்று இருந்தால், முதல் ஐரோப்பியக் குடியேறி என்றே நான் படிப்பேன்.

பலகை இருந்தாலே அந்த இடத்தை இடிக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சாதாரணத் தகவல் பலகை அந்த இடத்தைப் பயன்படுத்துவதில் உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது, சட்டப் பாதுகாப்புக்குத் தனி அங்கீகாரம் வேண்டும்.